எது எத்தனை நாள் தாங்கும்

பங்குனி எங்கள் பக்கத்தில் புளி தட்டும் மாதம். மாசியில் உலுக்கிய பழம் திண்ணையில் குவிந்து கிடக்கும். பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஓடு உடைத்து, கொட்டை நீக்கி, நார் உரிப்பார்கள். பிறகு கல்லுப்பு கலந்து, வெயிலில் காயவைத்து, உருண்டை பிடித்து, மண்பானையில் அடுக்கி வாயைத் துணியால் கட்டிவிட்டால் அடுத்த பங்குனி வரை புளிக்காகக் கடைவாசல் மிதிக்க வேண்டாம். உலோகப் பாத்திரத்தில் வைப்பதில்லை. புளியும் உப்புமாகச் சேர்ந்து அதை அரித்துவிடும். புதுப்புளி செம்பழுப்பு, வருடம் ஏற ஏறக் கறுக்கும். அப்படிக் கறுத்த பழம்புளியை மருந்துக்கென்று தனியாக ஒதுக்கி வைக்கிற வீடுகள் இன்னும் உண்டு.

ஒரு வருடத்துச் சாமானை ஒரே மாதத்தில் வீட்டுக்குள் அடைக்கிற வேலை இது. ஆனாலும் புளி தட்டுகிற திண்ணையில் நான் பதற்றத்தைப் பார்த்ததில்லை. பேச்சும் சிரிப்பும் ஊர்க்கதையுமாகத்தான் அந்த வேலை நடக்கும். எவ்வளவு வேண்டும், எத்தனை நாள் தாங்கும், எதில் வைத்தால் கெடாது என்ற மூன்றும் அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அந்த மூன்றும் தெரியாத ஒரு வாங்குதலை 2020 பங்குனியில் பார்த்தேன். அதைப் பற்றிய குறிப்புகள் இவை.

*

மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. பங்குனி 11. கொரோனாவைத் தடுக்க மாலை 6 மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144 தடை என்று முந்தைய நாளே அறிவித்திருந்தார்கள். இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்றார். பேச்சு முடிவதற்கு முன்பே பல ஊர்களில் ஜனங்கள் கடைகளை நோக்கி ஓடினார்கள். அத்தியாவசியப் பொருள் கிடைக்கும் என்ற உறுதி அதன் பிறகுதான் வந்தது. பயம் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

மறுநாள் உகாதி. தர்மபுரி மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் ஏராளம். பண்டிகைச் சாமான் வாங்க வந்தவர்களும் பயந்து வந்தவர்களும் ஒரே கூட்டமாகக் கலந்துபோனார்கள். பண்டிகைக்கு வந்தவர்களின் கையில் சீட்டு இருந்தது. கடலைப்பருப்பு ஒரு கிலோ, வெல்லம் ஒரு கிலோ, ஏலக்காய் பத்து ரூபாய்க்கு. மற்றவர்கள் முன்னால் நிற்பவர் எதை எடுக்கிறாரோ அதையே எடுத்தார்கள்.

உகாதிப் பச்சடிக்கு என்ன வேண்டும்? வேப்பம்பூ, மாங்காய், புதுப்புளி, வெல்லம், மிளகாய், உப்பு. பங்குனியில் வேம்பு பூத்திருக்கும், மா காய்த்திருக்கும், புளி அப்போதுதான் பானைக்குள் போயிருக்கும். வெல்லத்துக்கான கரும்பை இந்த மண்ணுக்கு முதலில் கொண்டுவந்தவர்கள், சங்க காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட அதியமானின் முன்னோர்கள் என்று புறநானூறு சொல்கிறது. ஊரே பூட்டிக் கிடந்த அந்தப் புதன்கிழமை காலையிலும் எங்கள் தெருவில் பச்சடி குறையாமல் நடந்தது. ஆறு சுவைக்கும் யாரும் எங்கும் ஓட வேண்டியிருக்கவில்லை.

*

கடையில் முதலில் தீர்ந்தவை ரவை, மைதா, நூடுல்ஸ், பிஸ்கட், பால் பவுடர். கடைசி வரைக்கும் கிடந்தவை கேழ்வரகு, கொள்ளு, மொச்சை.

இந்த வரிசையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் தீர்ந்ததில் ரவையும் மைதாவும் சீக்கிரம் கெடுகிற சாமான். ரவை வெயில்காலத்திலேயே வண்டு பிடிக்கும். கனத்த சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறவைத்து, இறுக்கி மூடி வைத்தால்தான் நிற்கும். மைதாவுக்கும் அதே கதி. எதை எடுத்தால் நாள் தாங்குமோ, அதைத்தான் யாரும் தொடவில்லை. கேழ்வரகு மிகச் சிறிய தானியம், தோல் கெட்டி, பூச்சி எளிதில் அண்டாது. இந்தப் பக்கத்திலும் மைசூர்ப் பீடபூமியிலும் கேழ்வரகைக் குழி தோண்டிக் கொட்டி, மேலே வைக்கோலும் மண்ணும் மூடி, வருடக்கணக்கில் வைத்திருந்தார்கள். மழை பொய்த்த வருடத்துக்கென்று புதைத்து வைத்த சோறு அது. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சம், அப்போது தர்மபுரியும் சேர்ந்திருந்த சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. குழியில் தானியம் வைத்திருந்தவனுக்கும் வைக்க முடியாதவனுக்கும் நடுவே இருந்த தூரத்தை அந்தப் பஞ்சத்தில் எங்கள் ஊர்கள் பார்த்தன.

தானியமாக இருக்கும்வரைதான் இந்தத் தாங்கும் குணம். அரைத்த பிறகு வேறு கதை. கம்பு மாவு சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும், அதில் எண்ணெய்ப் பசை அதிகம். சாமையும் அப்படித்தான். உமியோடு இருக்கும்வரை வருடம் தாண்டும், குத்திவிட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் குத்தினார்கள், திரித்தார்கள். உரலடியில் அவர்கள் பட்ட பாட்டை நான் பெருமையாக்கிப் பேச மாட்டேன். பெண்களின் தோளும் இடுப்பும் அதில் தேய்ந்தன. மில் வந்தது நல்லது. ஆனால் மில்லோடு சேர்த்து, எதை எப்போது அரைப்பது என்ற கணக்கையும் நாம் தொலைத்திருக்க வேண்டியதில்லை.

*

அந்த நாட்களின் சிரிப்பை எழுதிவைக்க வேண்டும். அது வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒருவர் ரவையை மூட்டையாக வாங்கிப் போனார். சித்திரை பாதியில் அது நடமாடத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: "அண்ணா, உங்க ரவை தானா நடந்து கடைக்குப் போயிரும்போல இருக்குது, வாசக்கதவைச் சாத்துங்க." எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அதே அக்கா எழுந்து போய், சல்லடை எடுத்துவந்து, சலித்து வறுத்து வைக்கிற விதத்தைக் காட்டிக்கொடுத்தார். அடுத்த வீட்டில் ஒருவர் கொத்தமல்லியைக் கட்டுக் கட்டாக வாங்கிவிட்டு விழித்தார். துவையலாக அரை, நல்லெண்ணெயும் புளியும் சேர்த்துச் சுருள வதக்கு, வாரக்கணக்கில் நிற்கும் என்று அவருக்கும் மதில்மேலிருந்து வழி வந்தது. கிண்டல் முன்னால் வந்தால் பின்னாலேயே பக்குவம் வந்தது. நேராக வந்து "நீ செய்தது தப்பு, இப்படிச் செய்" என்றால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கைப்பேசியில் வடிவேலு முகத்தோடு உப்புமாப் படங்கள் சுற்றின. உப்புமாவைக் கண்டால் ஓடுவதாகக் காலமெல்லாம் சொல்லிவந்த ஜனம், பயம் வந்ததும் முதலில் அள்ளியது ரவையைத்தான் என்பது எனக்கு நெகிழ்ச்சியான விஷயமாகவே படுகிறது. பிடித்தது எது என்பதைப் பயம் பார்ப்பதில்லை. நிச்சயம் வேகும், நிச்சயம் வயிறு நிறையும் என்று தெரிந்ததன் பக்கம் கை தானாகப் போகிறது. தட்டுப்பாட்டில் ரவை கைகொடுத்த கதை பழையது. இரண்டாம் உலகப்போரில் அரிசி அருகியபோது ரவையில் இட்லி ஊற்றிப் பார்த்ததாகப் பெங்களூர் எம்.டி.ஆர். உணவகத்தார் சொல்வார்கள். இன்று அதை யாரும் பஞ்சகாலப் பண்டமாக நினைத்துச் சாப்பிடுவதில்லை.

பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வேலை போய் ஊர் திரும்பியிருந்தார்கள். பை நிறைய நூடுல்ஸ் பொட்டலங்களோடு வந்த ஒரு பேரனிடம் ஆயா கேட்டாள்: "ஏன் கண்ணு, இத்தனை நூலு எதுக்கு, தறி போடப் போறியா?" அந்தப் பையன்தான் பிறகு மாவாட்டக் கற்றுக்கொண்டான். ஆட்டிய மாவுக்கு வயது உண்டு என்று அவனுக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் தூவி ஊத்தப்பம், அதற்கும் மிஞ்சினால் கடுகு தாளித்துக் குழிப்பணியாரம். வெயில் ஏறிய பங்குனியில் மாவு இரவு முழுக்கக் காத்திருக்காது, விடிவதற்கு முன்பே பொங்கி வழிந்துவிடும். உப்பைக் காலையில் போட வேண்டும். இதெல்லாம் எந்தப் பொட்டலத்தின் முதுகிலும் அச்சிட்டிருக்காது.

*

எங்கள் ஊர் அதியமான்கோட்டை. பெயரிலேயே கோட்டை இருக்கிறது. சங்க காலத்துத் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் கோட்டை. சேலம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அவனை ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனாக மட்டும் நினைத்துக்கொண்டு கடந்துபோவார்கள். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை அழித்தான் என்பது அந்தக் கதையின் மறுபாதி.

கோட்டை என்றால் முற்றுகை. முற்றுகை என்றால் உள்ளே எத்தனை நாளுக்குச் சோறு இருக்கிறது என்ற கேள்வி. நெல்லும் உப்பும் விறகும் தண்ணீரும் எத்தனை பேருக்கு எத்தனை பொழுது வரும் என்று கணக்குப் பார்த்த ஒருத்தர் அந்தக் கோட்டைக்குள்ளும் இருந்திருப்பார். பாட்டில் வராத அந்த ஆளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வாள் பிடித்தவர்களைவிட அவருடைய இரவுகள் நீளமாக இருந்திருக்கும்.

நெல்லிக்காயையும் இங்கே சும்மா விடுவதில்லை. உப்புநீரில் ஊறப்போட்டால் மாதக்கணக்கில் இருக்கும், வெயிலில் வற்றலாக்கினால் வருடம் தாண்டும். பூசணியும் அப்படித்தான். இங்குள்ள காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குச் சாம்பல் பூசணியைப் பாதியாக வெட்டி விளக்கேற்றுவது இந்த ஊருக்கு வெளியூர் ஜனங்களை இழுத்துவருகிற வழிபாடு. 2020 சித்திரையில் கோயிலுக்குள் பக்தர்களை விடவில்லை. பூசணி விற்கிறவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் முற்றிய பூசணிமேல் படிந்திருக்கிற சாம்பல் பூச்சே அதற்குக் காவல். அடிபடாமல், ஈரம் படாமல், காற்றாட வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். விற்காத பூசணி பல வீடுகளில் மோர்க்குழம்பாகவும் கூட்டாகவும் வடகமாகவும் மாறியது. உளுந்து ஆட்டி, பூசணியைத் துருவிப் பிழிந்து, பச்சைமிளகாய் அரைத்துப்போட்டுக் கிள்ளிவைத்த வடகம் அந்த வருடம் எங்கள் தெரு மொட்டைமாடிகளில் வழக்கத்தைவிட அதிகம் காய்ந்தது.

*

கடையில் சாமான் இல்லை என்பதற்கும் நாட்டில் சாமான் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மாதம் நன்றாகக் காட்டியது.

2020 மார்ச் முதல் தேதியில் இந்திய உணவுக் கழகத்தின் இருப்பில் அரிசியும் கோதுமையுமாகச் சுமார் 5.8 கோடி டன் இருந்தது. அதே சமயம் பக்கத்துப் பாலக்கோட்டில் தக்காளி ஏற்ற வண்டி கிடைக்காமல், பறிக்கிற கூலிக்கும் கட்டாமல், செடியிலேயே பழுத்து விழுந்தது. நாமக்கல்லில் முட்டை தேங்கியது. கோழியில் கொரோனா வருகிறது என்று கிளம்பிய பொய்ச்சேதியில் அந்த மாதம் கோழிவிலையும் முட்டைவிலையும் சரிந்து கிடந்தன. அரிசிக்கு அடித்துக்கொண்ட அதே ஜனம், அதே வாரம், அருமையான உணவை வாங்க மறுத்தது. வதந்தி ஒரு கடையில் கூட்டத்தைச் சேர்த்தது, இன்னொரு கடையில் விரட்டியது.

பிரிட்டனிலும் அப்போது மாவுத் தட்டுப்பாடு. ஆலைகளில் மாவு இல்லாமல் இல்லை. அந்த நாட்டில் அரைபடுகிற மாவில் கடைவழி சிறு பைகளில் வீட்டுக்குப் போவது சுமார் 4 சதவீதம்தான். மற்றதெல்லாம் பேக்கரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பெரிய மூட்டைகளிலும் டாங்கர்களிலும் போகிறது. ஊரெல்லாம் ஒரே நாளில் வீட்டில் ரொட்டி சுட உட்கார்ந்தபோது குறைந்துபோனது சின்னப் பை. மாவுமலைக்குப் பக்கத்தில் நின்றபடி மாவில்லை என்றார்கள்.

1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981-இல் ஒரு நூல் எழுதினார். பஞ்சமில்லாத 1941-ஐவிட 1943-இல் வங்கத்தில் உணவு குறைவாக இருக்கவில்லை என்று அதில் காட்டினார். விலை ஏறியது, பதுக்கல் நடந்தது, கூலிக்காரன் கையிலிருந்த காசுக்கு அரிசி எட்டாமல் போனது. உணவு இருக்கும்போதே லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

அதனால்தான் மூட்டை மூட்டையாக வாங்கியவர்களைப் பார்த்துச் சிரிப்பதோடு என்னால் நிற்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கு வாங்கி அடுக்க மாதச் சம்பளம் வேண்டும், இடம் வேண்டும், வண்டி வேண்டும். செங்கல் சூளையில் அன்றாடம் கூலி வாங்குகிறவர் சாயங்காலம் கடைக்கு வந்து நூறு மில்லி எண்ணெய், கால் கிலோ பருப்பு, ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள் கேட்பவர். அவர் வந்து நிற்கும்போது அலமாரி காலி. காலையில் யாரோ தேவைக்குமேல் எடுத்துப்போன பருப்பு அவருடைய அன்றைய பருப்பு. வேலையும் நின்றுபோன வாரத்தில் அந்தக் கால் கிலோகூட இல்லாமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

*

பயத்தைக் குறைத்தது டோக்கன்.

அரிசி அட்டைக்காரர்களுக்கு ஆயிரம் ரூபாயும், ஏப்ரல் மாதத்து அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் விலையில்லாமலும் என்று தமிழக அரசு மார்ச் 24 அன்று அறிவித்தது. ஏப்ரல் 2 முதல் கொடுக்கத் தொடங்கினார்கள். எந்த நாள், எந்த நேரம் வர வேண்டும் என்று எழுதிய சீட்டு முன்கூட்டியே கைக்கு வந்தது. கடை முன்னால் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டிருந்தார்கள். தள்ளுமுள்ளு நடந்த ஊர்களும் உண்டு. ஆனால் டோக்கன் கையில் வந்த வீடுகளில் பேச்சு மாறியதைக் கவனித்தேன். "கிடைக்குமா" என்று கேட்டவர்கள் "எங்களுக்கு வெள்ளிக்கிழமை" என்று சொன்னார்கள்.

மனுஷன் பேராசையால் மட்டும் அள்ளுவதில்லை. தன் முறை வரும் என்ற நம்பிக்கை போய்விட்டால் எந்தச் சாதுவும் அள்ளுவார். ஏப்ரல் 26 முதல் சேலத்தில் மூன்று நாளும், சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாளும் முழு ஊரடங்கு என்றார்கள். முந்தைய நாள் சனிக்கிழமை சந்தைகளில் மூண்ட நெரிசல், எந்த நோய்க்காகக் கதவைச் சாத்தினார்களோ அதற்கே வழிவிட்டது. அடுத்த வருடம் 2021 மே 24-இல் தளர்வில்லாத ஊரடங்கு வந்தபோதும் முந்தைய இரண்டு நாளில் காய்கறி விலை தாறுமாறாக ஏறியது. பிறகு தோட்டக்கலைத் துறையின் ஏற்பாட்டில் காய்கறி வண்டி தெருவுக்கே வரத் தொடங்கியது. நாளைக்கும் வரும் என்று தெரிந்ததும் ஒரு கிலோ வாங்க வந்தவர் அரைக்கிலோவோடு உள்ளே போனார்.

*

மரவள்ளிக் கிழங்கைப் பற்றியும் இங்கே எழுத வேண்டும்.

பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கறுத்துவிடும். சந்தைச் சரக்கில் இவ்வளவு அவசரக்காரக் கிழங்கு வேறில்லை. ஆனால் பிடுங்காமல் விட்டால் மாதக்கணக்கில் மண்ணுக்குள் அப்படியே இருக்கும். தேவைப்பட்ட அன்றைக்கு ஒரு செடி, அடுத்த வாரம் இன்னொரு செடி. பூட்டு சாவி இல்லாத களஞ்சியம். வேகவைக்கும்போது பாத்திரத்தை மூடக்கூடாது, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சில கிழங்கில் கசப்பும் நஞ்சும் உண்டு, அது ஆவியோடும் தண்ணீரோடும் போக வேண்டும். கசந்தால் சாப்பிடாதே என்று குழந்தைக்கும் சொல்லிவைப்பார்கள்.

இந்தக் கிழங்கின் வரலாறே தட்டுப்பாட்டின் வரலாறு. 1942-இல் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர் வீடுகளில் கிழங்குதான் பசியாற்றியது. மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் நின்றுபோக, 1943-இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து திரும்பிய போபட்லால் ஷாவின் துணையோடு மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். இன்று சேலம், தர்மபுரி, நாமக்கல் வட்டாரத்துக் கிழங்கில் பெரும்பகுதி ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும்தான் போகிறது. இலங்கையில் 1970-களில் அரிசிக்கும் மாவுக்கும் கட்டுப்பாடு வந்து பாண் என்கிற ரொட்டிக்கு வரிசை நின்ற காலத்திலும் மரவள்ளிதான் வயிற்றை ஆற்றியது. அந்தத் தலைமுறையில் பலருக்கு இன்றும் அந்தக் கிழங்கைக் கண்டால் முகம் சுருங்கும். பசித்த நாளில் தினமும் தின்ற பண்டத்தை மனசு மன்னிக்கக் காலம் ஆகும். அவர்களிடம் கிழங்கின் பெருமையைப் பேசுவது அழகில்லை.

*

உப்பைப் பற்றி ஒரு வரி. 2016 நவம்பர் 11 அன்று, பணமதிப்பிழப்பு அறிவித்த மூன்றாம் நாள், உப்பு தீரப்போகிறது என்று தில்லி, உத்தரப்பிரதேசப் பக்கம் ஒரு வதந்தி பரவி, ஜனங்கள் கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கினார்கள். மூன்று பக்கம் கடல் சூழ்ந்த நாடு இது. நம் தூத்துக்குடி அளங்களை ஒருமுறை பார்த்தவர்கள் அந்த விலையைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அரிசிக்கு 2023. ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் சோனா மசூரி மூட்டைகளை அள்ளிக்கொண்டு போகிற காட்சிகள் வீடியோவாகச் சுற்றின. புழுங்கலரிசி அந்தத் தடையில் சேரவில்லை. பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரு அத்தை அந்த வரிசையில் நின்றிருந்தால், இட்லிக்கு ஆபத்தில்லை என்று பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். மீதிப் பேருக்கும் ஒரு ஆறுதல் உண்டு. அரிசி பழசானால் கெடுவதில்லை, உதிரியாக வேகும், அளவும் காணும். கொஞ்சம் வசம்போ வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ உள்ளே போட்டு, மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்தால் போதும். துவரம்பருப்பென்றால் விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தொட்டுப் புரட்டி வைக்க வேண்டும்.

*

கேழ்வரகு இப்போது ரேஷன் கடைக்கே வந்துவிட்டது. 2023-லிருந்து நீலகிரியிலும் தர்மபுரியிலும் அட்டைக்கு 2 கிலோ, அரிசிக்குப் பதிலாக. பயந்த நாளில் யாரும் தொடாமல் விட்ட தானியத்தை அரசே உழவரிடம் கொள்முதல் செய்து கொடுக்கிறது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் வாங்குகிற இளம் வீடுகளில் பாதிக்கு அதைக் கழுவி, காயவைத்து, மில்லில் எவ்வளவு நைசாகத் திரிப்பது என்று தெரியவில்லை. சாமானோடு பக்குவமும் சேர்ந்து போக வேண்டும். இப்போதைக்கு அதைக் கொடுப்பது வரிசையில் நிற்கிற பெண்கள்தான்.

போன முறை ரேஷன் வரிசையில் ஒரு பையன், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவன், கையில் பையை வைத்துக்கொண்டு களி எப்படிக் கிண்டுவது என்று பொதுவாகக் கேட்டான். பதில் பல வாயிலிருந்து வந்தது. தண்ணீர் கொதிக்க வேண்டும். ஒரு கை மாவைத் தனியே கரைத்து முதலில் ஊற்ற வேண்டும். அது கொதித்ததும் மீதி மாவைக் குவியலாகக் கொட்டி, தொடாமல் விட வேண்டும், ஆவி மேலே ஏறி வரட்டும். பிறகு அடுப்பைத் தணித்து, துடுப்பால் ஒரே திசையில் அழுத்திக் கிண்ட வேண்டும். கையை நனைத்துத் தொட்டுப் பார், ஒட்டாமல் வந்தால் வெந்தது. மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டுவை, காலையில் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள், ஃபிரிட்ஜ் வேண்டாம்.

"கட்டி தட்டிருச்சுன்னா?" என்றான்.

"கொதிதண்ணி தெளிச்சு மூடி வையி, தானா எளகும்."

"அதெல்லாம் எளகாது தம்பி. துடுப்பால பானை ஓரத்துல வெச்சு நசுக்கு."

"நொய்யரிசியை மொதல்ல வேகவிட்டு அதுமேல மாவைப் போட்டிருந்தா கட்டியே தட்டாது. நொய் போடாத களி களியா?"

"எங்க வீட்டுல ஒருநாளும் நொய் போட்டதில்ல. நொய் போட்டா அது கஞ்சி."

"நீ கிண்டுற களியத்தான் நான் சாப்பிட்டிருக்கனே, போன ஆடிக்கு!"

பையன் கைப்பேசியை எடுத்து எழுதிக்கொள்ளப் பார்த்தான். எதை எழுதுவது என்று அவனுக்குப் புரியவில்லை. நொய் போடுகிற கட்சியும் போடாத கட்சியும் அதற்குள் அவனை ஆளுக்கொரு நாள் சாப்பிடக் கூப்பிட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டில் கீரைக் கடைசலோடு, வியாழக்கிழமை இன்னொரு வீட்டில் கருவாட்டுக் குழம்போடு.